பெயர் பெற்ற புயலும் பெயரில்லாத புயலும்

புது தில்லி: 2022-ம் ஆண்டு மே 30-ம் தேதி மாலை. நாள் முழுவதும் வெயிலில் காய்ந்து கிடந்த தில்லியின் வானம் சில நிமிடங்களில் இருண்டது. மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்று நகரெங்கும் மரங்களைச் சாய்த்தது. விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பி விடப்பட்டன. ஷாஜகான் கட்டிய ஜாமா மசூதியின் நடுக் குவிமாடத்து உச்சிக் கலசம் முறிந்து விழுந்தது. சிறிது நேரத்தில் எல்லாம் ஓய்ந்து, இதமான குளிர்காற்று வீசத் தொடங்கிவிட்டது.

கடலே இல்லாத தில்லியில் புயலா என்று தமிழக வாசகர் வியப்படைவது இயல்பே. நமக்குப் புயல் என்றால் வங்கக் கடலில் உருவாகி, துறைமுகங்களில் கூண்டு ஏற்றவைத்து, நாள்கணக்கில் அச்சுறுத்திய பின் கரையைக் கடப்பது. அன்று தில்லியைத் தாக்கியது அதுவன்று. அது நிலத்தின் மேல், ஒரே மாலையில் பிறந்து மறைந்த இடியுடன் கூடிய சூறைக்காற்று. அதற்குப் பெயர் இல்லை. வரிசை எண்ணும் இல்லை.

இந்தியாவில் கடும் காற்று பல வடிவங்களில் உயிர்களைப் பறிக்கிறது. கடற்புயல், இடியுடன் கூடிய சூறைக்காற்று, புழுதிப் புயல், ஆலங்கட்டி மழை, டொர்னாடோ எனப்படும் குறுஞ்சுழல் என்று அவற்றைப் பிரிக்கலாம். மேகவெடிப்பு, காற்றைவிட நீரால் கொல்வது என்றாலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. செய்தித்தாள்களும் அரசு அறிக்கைகளும் பெரும்பாலும் இவை அனைத்தையும் 'புயல்' அல்லது 'இயற்கைச் சீற்றம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. ஆனால் ஒன்றிலிருந்து தப்ப வீட்டை விட்டு வெளியேற வேண்டும். மற்றொன்றிலிருந்து தப்ப வீட்டுக்குள் நுழைய வேண்டும். எது எது என்று தெரியாவிட்டால் எச்சரிக்கையாலும் பயனில்லை.

62 என்ற எல்லைக்கோடு

கடலில் காற்றழுத்தம் குறைந்து சுழலத் தொடங்கும் காற்றை, அதன் வேகத்தைக் கொண்டு இந்திய வானிலை ஆய்வுத் துறை வகைப்படுத்துகிறது. மணிக்கு 31 கி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. சுமார் 50 கி.மீ. வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 61 கி.மீ. வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். வேகம் 62 கி.மீ.யைத் தொடும்போதுதான் அது புயல் என்று அறிவிக்கப்பட்டு, அதற்கு ஒரு பெயரும் சூட்டப்படுகிறது. 89 கி.மீ.யிலிருந்து தீவிரப் புயல்; 118-லிருந்து மிகத் தீவிரப் புயல்; 167-ஐத் தாண்டினால் அதிதீவிரப் புயல்; 222-ம் அதற்கு மேலும் சூப்பர் புயல்.

நிலத்தில் எழும் இடிப்புயலுக்கும் அத்துறை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. காற்றின் வேகம் 62 கி.மீ.யை எட்டினால் அது 'கடுமையானது', 87 கி.மீ.யைத் தாண்டினால் 'மிகக் கடுமையானது'.

இரண்டு அளவுகோல்களிலும் 62 என்ற எண் வருவது கவனத்துக்குரியது. கடலில் அது பல மணி நேரம் நீடிக்கும் காற்றின் வேகம். நிலத்தில் சில நிமிடங்கள் மட்டும் அறையும் காற்றின் வேகம். ஆகவே இரண்டும் சமமல்ல. ஆனால் மண் சுவரின் மேல் வேயப்பட்ட தகரக் கூரைக்கு அந்தச் சில நிமிடங்களே போதும். கடலில் 62-ஐத் தொட்ட காற்றுக்குப் பெயர் கிடைக்கிறது. அமைச்சரவைச் செயலர் தலைமையில் நெருக்கடி மேலாண்மைக் குழு கூடுகிறது. மீட்புப் படைகள் முன்கூட்டியே சென்று நிற்கின்றன. நிலத்தில் அதே 62-ஐத் தொட்ட காற்றுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி. அதுவும் உரியவரை உரிய நேரத்தில் சென்றடைந்தால்தான்.

கல்கத்தாவில் பிறந்த சொல்

ஆங்கிலத்தில் 'சைக்ளோன்' என்ற சொல்லே இந்தியாவில் உருவாக்கப்பட்டதுதான். கல்கத்தாவில் கடல்சார் நீதிமன்றத்தின் தலைவராக இருந்த ஹென்றி பிடிங்டன், வங்கக் கடல் புயல்களில் சிக்கிய கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டி ஆராய்ந்தார். சுருண்டு கிடக்கும் பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1840-களில் அவர் இப்பெயரை அமைத்தார். மாலுமி தனக்கு எதிரே இருப்பது எந்த வகைக் காற்று, அதன் மையம் எந்தத் திசையில் உள்ளது என்று அறிந்தால் கப்பலைக் காப்பாற்றலாம் என்பதே அவருடைய ஆய்வின் நோக்கம்.

அவருடைய கதையில் இன்றைய அரசுகளுக்கும் ஒரு பாடம் உண்டு. கல்கத்தாவுக்கு மாற்றாக மாத்லா ஆற்றங்கரையில் ஒரு துறைமுகம் அமைக்க ஆங்கிலேய அரசு முனைந்தபோது, அந்த இடத்தைப் புயலும் கடல் எழுச்சியும் ஒருநாள் அழித்துவிடும் என்று 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு அவர் எழுதினார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. கேனிங் துறைமுகம் கட்டப்பட்டது. 1867-ல் வந்த புயலில் சிதைந்தது.

அதற்கு முன்பே, 1864-ல் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலும், பின்னர் பருவமழை பொய்த்ததால் விளைந்த பஞ்சமும் ஆட்சியாளர்களை உலுக்கியிருந்தன. அவற்றின் விளைவாக 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது. அரசியல் அழுத்தம் ஏற்பட்ட பின்னரே வானிலை அறிவியல் வளர்ந்தது என்பது இந்நாட்டின் வரலாறு. அதற்குப் பின்னும் இதுவே திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

கடற்புயல்: நாள்கணக்கில் அறிவித்து வருவது

கடற்புயலை அடையாளம் காண்பது ஒப்பீட்டளவில் எளிது. சுமார் 27 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள கடல் நீரின் மேல்தான் அது பிறக்கும். பல நூறு கி.மீ. விட்டமுடையது. நம் அரைக்கோளத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் அதன் மையம் நம் இடப்பக்கம் இருக்கும். பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களும் பிந்தைய அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களும் அதன் காலம். வானத்தில் இறகு போன்ற உயர்மேகங்களில் தொடங்கி, காற்றும் மழையும் விட்டுவிட்டு வந்து படிப்படியாக வலுக்கும்.

அதற்கே உரிய இரண்டு ஆபத்துகள் உள்ளன. ஒன்று, நடுவில் வரும் அமைதி. புயலின் 'கண்' கடக்கும்போது காற்று நின்று வானம் வெளுக்கும். முடிந்துவிட்டது என்று வெளியே வருபவர்களை, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று தாக்கும். மற்றொன்று கடல் நீர்மட்ட எழுச்சி. புயல்களில் மிக அதிக உயிர்களைக் கொல்வது காற்றல்ல, தரைக்குள் புகும் கடல் நீரே.

1999-ம் ஆண்டு அக்டோபர் 29-ம் தேதி ஒடிசாவின் பாரதீப் அருகே கரையைக் கடந்த சூப்பர் புயலில் ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் மாண்டனர். அந்தப் பேரழிவுக்குப் பின்னரே நான்கு கட்ட எச்சரிக்கை முறை வந்தது. 72 மணி நேரத்துக்கு முன் கண்காணிப்பு அறிவிப்பு, 48 மணிக்கு முன் மஞ்சள், 24 மணிக்கு முன் ஆரஞ்சு, 12 மணிக்கு முன் கரை கடந்த பின் நிகழவிருப்பவை பற்றிய அறிவிப்பு என்று அது அமைந்தது. 2002-ல் நாட்டின் முதல் டாப்ளர் ரேடார் சென்னையில் நிறுவப்பட்டது. 2004 முதல் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் நம் கடல்களிலும் தொடங்கியது. 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. ஒடிசா தன் கடற்கரை நெடுகப் புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டியது.

பலன் கண்கூடு. 2013 அக்டோபரில் கோபால்பூர் அருகே பைலின் புயல் கரையைக் கடந்தபோது சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். 2019 மே 3-ம் தேதி புரியைத் தாக்கிய ஃபனி புயலின்போது சுமார் 12 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். ஒடிசாவில் உயிரிழந்தோர் 64 பேர். இருபது ஆண்டுகளில் ஆயிரங்களிலிருந்து பத்துகளுக்கு இறங்கிய இந்த எண்ணிக்கை, இந்திய அரசு நிர்வாகம் பெருமைப்படத்தக்க சாதனைகளுள் ஒன்று.

ஒக்கி: ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த நேரம்

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் 'புயல்' என்ற சொல் உச்சரிக்கப்பட்ட பின்னரே முழு வேகம் கொள்கிறது. இதன் விலையை 2017-ல் கன்னியாகுமரியும் கேரளத்தின் தென்கரையும் கொடுத்தன.

அவ்வாண்டு நவம்பர் 29-ம் தேதி இலங்கைக்கு அருகே உருவானது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் அதிகாலை ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, சில மணி நேரங்களில் ஒக்கி புயலாக உருவெடுத்தது. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று 29-ம் தேதியே தெரிவித்துவிட்டதாக மத்திய அரசு கூறியது. புயல் என்ற எச்சரிக்கை 30-ம் தேதி நண்பகலில்தான் கிடைத்தது என்று கேரள அரசு கூறியது. ஏட்டளவில் இரு தரப்புக்கும் ஆவணம் உண்டு. ஆனால் பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டவர்களை இரண்டு அறிவிப்புகளுமே எட்டவில்லை. இரு மாநிலங்களிலும் சேர்த்து 200-க்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தனர் அல்லது காணாமல் போயினர்.

'தாழ்வு மண்டலம்' என்ற சொல் வானிலை அலுவலருக்கு ஒரு படிநிலை. மாவட்ட நிர்வாகத்துக்கோ அது வழக்கமான மழைக்கால அறிவிப்பு. ஒரே நாளில் ஒரு படிநிலையிலிருந்து மறுபடிநிலைக்குத் தாவும் புயல்களுக்கு முன்னால் இந்த வேறுபாடு உயிரிழப்பாக மாறுகிறது. கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் ஏவுகணை செய்யும் நாட்டில், கரையிலிருந்து நூறு கடல் மைல் தொலைவில் இருக்கும் மீனவனுக்குச் செய்தி சொல்லும் கருவி ஏன் இல்லை என்ற கேள்வி அதன் பின்னரே எழுந்தது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவிகளை மீனவர்களுக்கு வழங்கும் பணியும் அதற்குப் பின்னரே தொடங்கியது.

நிலத்தில் பிறப்பவை: ஒரு மாலையின் ஆயுள்

கடற்புயலுக்கு நேர்மாறானது இடியுடன் கூடிய சூறைக்காற்று. அதன் அகலம் சில பத்து கி.மீ.; ஆயுள் சில மணி நேரம். காற்றின் வேகம் திடீரென்று குறைந்தது 29 கி.மீ. அதிகரித்து, 40 கி.மீ.யைத் தாண்டி, ஒரு நிமிடமாவது நீடித்தால் அது சூறைக்காற்று என்பது வானிலையாளர் இலக்கணம்.

இதன் தாயகம் கிழக்கு இந்தியா. மார்ச் முதல் மே வரை சோட்டா நாகபுரி பீடபூமி வெயிலில் காய்கிறது. வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று தாழ்வாக உள்ளே வருகிறது. அதன் மேல் வடமேற்கிலிருந்து வறண்ட காற்று பாய்கிறது. பிற்பகலில் மேகங்கள் கோபுரமாக எழுந்து, மாலையில் வங்கச் சமவெளியின் மேல் இறங்குகின்றன. வங்காளத்தில் இதற்கு 'கால்பைசாகி' என்று பெயர். அஸ்ஸாமில் 'பர்தைசிலா' என்பர். சணலுக்கும் தேயிலைக்கும் முதல் மழை தருவதும் இதுவே. கூரைகளைப் பெயர்ப்பதும் இதுவே.

இதன் அடையாளங்களை எழுத்தறியாத விவசாயியும் படிக்கலாம். அசைவற்ற புழுக்கம், வடமேற்கு அடிவானத்தில் கருஞ்சுவர் போன்ற மேகம், மழைக்கு முன்னால் முகத்தில் அறையும் குளிர்காற்று. அந்தக் குளிர்காற்றுதான் கடைசி எச்சரிக்கை. அதன் பின்னர் கிடைப்பது சில நிமிடங்களே.

வடமேற்கே செல்லச் செல்ல ஈரம் குறைகிறது, புழுதி மிகுகிறது. ராஜஸ்தான், ஹரியாணா, மேற்கு உத்தரப் பிரதேசத்தில் இதே இடிமேகம் பெய்யும் மழை தரையைத் தொடும் முன்பே வறண்ட காற்றில் ஆவியாகிவிடுகிறது. அதனால் குளிர்ந்து கனத்த காற்று செங்குத்தாக இறங்கி, தரையில் மோதி, நாற்புறமும் சிதறிப் பாய்கிறது. அது கிளப்பும் மண்ணே 'ஆந்தி' எனப்படும் புழுதிப் புயல். பழுப்பு நிறச் சுவர் ஒன்று நகர்ந்து வருவது போன்ற தோற்றம் அதன் முத்திரை. கோடையில் பகல் முழுவதும் வீசும் 'லூ' என்ற அனல் காற்று வேறு. லூ வெப்பத்தால் கொல்லும், வெப்பநிலை உயரும். ஆந்தி சுவரை இடித்துக் கொல்லும். அது வந்ததும் வெப்பநிலை சரியும்.

2018-ம் ஆண்டு மே 2-ம் தேதி இரவு இத்தகைய காற்று உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் 100-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஆக்ரா, பரத்பூர், அல்வர், தோல்பூர் மாவட்டங்கள் மிகுந்த சேதமடைந்தன. உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சுவர்களும் மரங்களும் விழுந்ததே பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம். இடியுடன் மழை பெய்யலாம் என்ற பொதுவான முன்னறிவிப்பு இருந்தது. இந்த வேகம் எதிர்பார்க்கப்படவில்லை. அடுத்த வாரம் மீண்டும் புயல் வரலாம் என்ற அறிவிப்பைக் கேட்டு ஹரியாணா அரசு இரண்டு நாள்கள் பள்ளிகளை மூடியது. முதலில் அலட்சியம், பின்னர் பீதி. எந்த வகைக் காற்று, எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்ற தெளிவு இல்லாத இடத்தில் இவ்விரண்டுக்கும் நடுவே வழி கிடைப்பதில்லை.

எண்ணிக்கையில் முதலிடம் மின்னலுக்கு

இடிமேகத்தின் மிகக் கொடிய ஆயுதம் காற்றல்ல, மின்னல். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி மின்னல் தாக்கி இறந்தோர் 2020-ல் 2,862 பேர். 2021-ல் 2,880 பேர். 2022-ல் 2,887 பேர். 2022-ல் இயற்கைச் சீற்றங்களால் நிகழ்ந்த மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் மின்னலால் நேர்ந்தவை.

இந்த மரணங்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றாக நிகழ்கின்றன. நாற்று நடும் பெண், மாடு மேய்க்கும் சிறுவன், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கிய கூலித் தொழிலாளி. 2020 ஜூன் 25-ம் தேதி பிகாரில் ஒரே நாளில் 80-க்கும் மேற்பட்டோர் மாண்டபோதும், 2021 ஜூலை 11-ம் தேதி ஜெய்ப்பூரின் ஆமேர் கோட்டை அருகே கண்காணிப்புக் கோபுரத்தில் நின்றிருந்த 11 பேர் மாண்டபோதும் மட்டுமே அது தலைப்புச் செய்தியானது.

மத்திய அரசின் நிவாரண நிதிக்குத் தகுதியான பேரிடர்கள் என 2015-ல் வகுக்கப்பட்ட பட்டியலில் 12 இடம்பெற்றன. கடற்புயல், ஆலங்கட்டி மழை, மேகவெடிப்பு அதில் இருந்தன. பூச்சித் தாக்குதலும் உறைபனியும்கூட இருந்தன. மின்னலும் புழுதிப் புயலும் இல்லை. உள்ளூர்ப் பேரிடர்களுக்காக மாநிலங்கள் தங்கள் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை செலவிடலாம் என்று மட்டும் அனுமதிக்கப்பட்டது. அதன்படி உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட பல மாநிலங்கள் மின்னலையும் ஆந்தியையும் தங்கள் பட்டியலில் சேர்த்தன. மின்னலை மத்தியப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டும் என்ற குரல் தொடர்ந்து ஒலித்து வந்திருக்கிறது. ஒரு விதவைக்குக் கிடைக்கும் நிவாரணம், அவள் கணவனைக் கொன்ற காற்றின் வகையையும் அவள் வாழும் மாநிலத்தையும் பொருத்து அமைந்தது என்பதே இதன் பொருள்.

ஆலங்கட்டியும் இதே மேகத்தின் குழந்தைதான். 1888-ம் ஆண்டு ஏப்ரல் 30-ம் தேதி மொராதாபாத் அருகே பெய்த ஆலங்கட்டி மழையில் 246 பேர் மாண்டனர். உலக வானிலை அமைப்பின் பதிவேட்டில், ஆலங்கட்டியால் நேர்ந்த மிகப் பெரிய உயிரிழப்பு இன்றளவும் இதுவே.

டொர்னாடோ: அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல

டொர்னாடோ என்றதும் அமெரிக்கச் சமவெளி நினைவுக்கு வருகிறது. ஆனால் 1978 மார்ச் 17-ம் தேதி அது தில்லியிலேயே இறங்கியது. பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தை ஒட்டிய பகுதியில், சில பத்து மீட்டர் அகலத்தில், சுமார் 5 கி.மீ. தூரம் சென்ற அச்சுழல் 28 பேரைக் கொன்றது. சுமார் 700 பேர் காயமடைந்தனர். 1998 மார்ச் 24-ம் தேதி மேற்கு வங்கம்-ஒடிசா எல்லையில் தாந்தன் பகுதியைத் தாக்கிய டொர்னாடோவில் 150-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1989 ஏப்ரல் 26-ம் தேதி வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் ஒரே டொர்னாடோ சுமார் 1,300 பேரைப் பலி கொண்டது. அது உலக அளவில் மிக அதிக உயிரிழப்பு.

இதை மற்றவற்றிலிருந்து பிரித்தறிவதற்கு வழி உண்டு. இடிமேகத்தின் அடிவயிற்றிலிருந்து யானைத் துதிக்கை போல் தரைக்கு இறங்கும் சுழல். தொடர்வண்டி போன்ற இரைச்சல். சேதத்தைப் பார்த்தும் கண்டறியலாம். சூறைக்காற்றில் சாய்ந்த மரங்கள் ஏறக்குறைய ஒரே திசையில் விழுந்திருக்கும். டொர்னாடோ சென்ற பாதை குறுகலான கோடாக இருக்கும். மரங்கள் பல திசைகளில் முறுக்கி வீசப்பட்டிருக்கும். சற்றுத் தள்ளியுள்ள வீட்டில் ஓடுகூட அசைந்திருக்காது.

2024 மார்ச் 31-ம் தேதி மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி மாவட்டம் மைனாகுரியில் சில நிமிடங்களே வீசிய காற்று சிலரைக் கொன்று, நூற்றுக்கும் மேற்பட்டோரைக் காயப்படுத்தியது. மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருந்ததால், இடிந்த வீடுகளுக்கு நிவாரணம் வழங்க மாநில அரசு தேர்தல் ஆணையத்தின் அனுமதியைக் கோர வேண்டியிருந்தது. அடுத்த சில நாள்களில் விவாதம் காற்றைப் பற்றியதாக இல்லாமல் தேர்தலைப் பற்றியதாக மாறிவிட்டது.

மேகவெடிப்பு: அளக்காமல் சூட்டப்படும் பெயர்

சில காற்றுகளுக்குப் பெயர் கிடைப்பதில்லை என்றால், மேகவெடிப்பு என்ற பெயரோ தேவைக்கு அதிகமாகவே சூட்டப்படுகிறது. சுமார் 20 முதல் 30 சதுர கி.மீ. பரப்பில் ஒரு மணி நேரத்துக்குள் 100 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை கொட்டினால்தான் அது மேகவெடிப்பு. இமயமலைச் சரிவில் எந்த வெள்ளம் வந்தாலும் முதல் அறிவிப்பில் இச்சொல் வந்துவிடுகிறது.

2022 ஜூலை 8-ம் தேதி அமர்நாத் குகைக்கோயில் அருகே வெள்ளம் பாய்ந்து யாத்ரீகர்கள் மாண்டபோதும் அவ்வாறே கூறப்பட்டது. அன்று மாலை இரண்டு மணி நேரத்தில் அங்கு பதிவானது 31 மி.மீ. மழைதான், மேகவெடிப்பு அல்ல என்று வானிலைத் துறை விளக்கியது. நீரோடும் பாதையில் கூடாரங்கள் எப்படி வந்தன என்ற கேள்வி அதன் பின்னரே வலுப்பெற்றது.

மறுபக்கமும் உண்டு. 2010 ஆகஸ்டில் லே நகரைச் சேற்று வெள்ளம் மூடி 200-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அங்கிருந்த வானிலை நிலையத்தின் மழைமானி காட்டியது 13 மி.மீ.க்கும் குறைவு. மழை கொட்டிய இடத்தில் மானி இல்லை. மலைகளில் மானிகளும் ரேடார்களும் அடர்த்தியாக இல்லாதவரை, எது மேகவெடிப்பு என்று உறுதி செய்யவும் முடியாது; மறுக்கவும் முடியாது. அந்த இடைவெளியில் பொறுப்பு நழுவிவிடுகிறது.

எதற்கு என்ன செய்வது?

கடலோரத்தில் கடற்புயல் அறிவிப்பு வந்தால் வெளியேறுவதே பாதுகாப்பு. கண் கடக்கும் அமைதியை நம்பக் கூடாது. இடிமுழக்கம் கேட்டால் அதற்கு நேர்மாறாக, கான்கிரீட் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். மரத்தடி கூடவே கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணும் ஒவ்வொரு மூன்று விநாடியும் ஒரு கி.மீ. தொலைவு. முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறோம். கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும். புழுதிச் சுவர் தெரிந்தால் வாகனத்தைச் சாலையை விட்டு விலக்கி நிறுத்த வேண்டும். விளம்பரப் பலகை, பழைய சுவர் அருகே நிற்கக் கூடாது. துதிக்கை போன்ற சுழல் தெரிந்தால் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத உள் அறைக்குள் தாழ்ந்து இருப்பதே வழி. மலையில் கனமழை கொட்டினால் ஓடைக்கரையை விட்டு மேட்டுக்கு ஏற வேண்டும்.

இவை தனிமனிதர் செய்யக்கூடியவை. அரசு செய்ய வேண்டியவை வேறு. 2014-ல் 15 அளவில் இருந்த டாப்ளர் ரேடார்கள் பத்தாண்டுகளில் இரு மடங்குக்கும் மேல் பெருகியுள்ளன. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கைகள் வெளியாகின்றன. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் மின்னலை அறிவிக்கும் 'தாமினி' செயலியை உருவாக்கியுள்ளது. ஆனால் மாவட்டத் தலைநகர் வரை ஓடிவரும் எச்சரிக்கை, வயலில் குனிந்து நிற்பவளிடம் போய்ச் சேர்வதில்லை. ஸ்மார்ட் போன் இல்லாதவர்களே மின்னலில் அதிகம் மடிகிறார்கள்.

எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போடவும் முடியாது. 2024 மே 13-ம் தேதி மும்பை காட்கோபரில் புழுதிக் காற்றில் ராட்சத விளம்பரப் பலகை விழுந்து 17 பேர் இறந்தனர். அது அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பல மடங்கு பெரியது. அவர்களைக் கொன்றது காற்று மட்டும்தானா என்பதற்கு எந்த ரேடாரும் விடை சொல்லாது.

ஒடிசாவில் 10 ஆயிரம் பேர் ஒரே இரவில் மாண்ட பின்னரே கடற்புயலுக்கு எதிராக நாடு விழித்துக்கொண்டது. மின்னலும் சூறைக்காற்றும் ஆண்டுதோறும் ஊர் ஊராக, ஒருவர் இருவராக உயிர்களைப் பறிக்கின்றன. மூன்றே ஆண்டுகளில் மின்னல் மட்டும் கொன்றவர்களின் எண்ணிக்கை எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒரே இரவில் நிகழவில்லை என்பதால் அது நாடாளுமன்றத்தை உலுக்கவில்லை. அந்தக் காற்றுகளுக்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. அவற்றில் இறப்பவர்களுக்கும் பெயர் உண்டு என்பதை நினைவில் வைத்தால் போதும்.